இருபத்து நான்காம் சாவி

என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன இரண்டு மாதத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் பதினோரு பேர். வடிகாலில் அடைத்துக்கொண்ட முடியை எடுக்க ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

நீச்சல் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பத்தொன்பது வருடமாக. சாவி கொடுப்பேன், வாங்குவேன், தரை துடைப்பேன், மறந்து விட்டுப்போன கம்மல், கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை குளம் பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் மேலாளர்கூட உள்ளே வரக் கூடாது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே நின்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போவார். எனக்குக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துகொள்ள அது வசதி.

உள்ளே இருபத்து நான்கு அறைகள். அறை என்பது பேருக்குத்தான். ஒரு ஆள் நிற்க இடம், துணி வைத்துப் பூட்ட ஒரு சின்ன அலமாரி. இருபத்திரண்டுக்குத் திரைச்சீலைதான் மறைப்பு, அதுவும் முழங்காலோடு நின்றுவிடும். நுழைந்ததும் இருக்கிற முதல் அறைக்கும், ஷவர் வரிசையெல்லாம் தாண்டிக் கோடியில் இருக்கிற இருபத்து நான்காவதற்கும் மட்டும் தரைவரை கதவு, உள்ளே தாழ்ப்பாள். சாவிகள் ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கும். கையில் மாட்டிக்கொள்ள ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். யாருக்கு எந்தச் சாவி என்பது என் இஷ்டம். என் பதவியில் அதிகாரம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான், அதைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

முதல் சாவி என் தங்கைக்கு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், வீட்டில் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒரு சரக்குக் கிடங்கில் ரசீது எழுதும் வேலையில் இருந்தாள். அங்கே மேற்பார்வையாளன் ஒருத்தன். ஒரு சாயங்காலம் கிடங்கின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டான். அதை நான் இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. நாலு வருடம் வழக்கு நடந்தது. அவளை நிற்கவைத்து, திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். கடைசியில் சாட்சியம் போதவில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போனான். அவளும் வீட்டுக்கு வந்தாள், வந்தவள் அப்புறம் வெளியே போகவில்லை.

மின்சார மீட்டர் பார்க்க ஆள் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். மாடிக்கு வர லிஃப்ட் இருந்தும் ஏற மாட்டாள். உட்கார்ந்தே கிடந்ததில் முட்டி வீங்கியது. தண்ணீரில் நடந்தால் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். பெண்கள் மட்டும் வருகிற நேரம் இருக்கிறது, நானே வாசலில் உட்கார்ந்திருப்பேன், ஒரு ஈ எறும்பு ஆண் வாடையோடு உள்ளே வராது என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லி, மூன்று வருடம் கெஞ்சிக் கூட்டிவந்தேன். முதல் நாள் முழுக்க முதல் அறையில் தாழிட்டுக்கொண்டு உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம் தண்ணீரில் கால் வைத்தாள். ஆறாவது மாதம் இடுப்புவரை இறங்கினாள். அப்போதுதான் ஓட்டுநர் வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தே முக்காலுக்கு, பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருத்தி வந்து நின்றாள். பதினேழாம் எண் பேருந்து ஓட்டுகிறவள். குளத்துக்கு எதிரிலேயே அந்தப் பேருந்துக்கு நிறுத்தம் உண்டு. நல்ல உயரம், கனத்த குரல், நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. அனுமதி அட்டையை நீட்டினாள். பெண் என்று போட்டு, அலுவலகம் முத்திரை குத்தியிருந்தது. அதற்கு மேல் எனக்கென்ன வந்தது என்று சாவியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் திருநங்கை. பதினெட்டு வயசு வரைக்கும் வீட்டுல பையனாத்தான் வளர்ந்தேன். அட்டையில எல்லாம் சரியா இருக்கு. இருந்தாலும், இங்க வர்றவங்கள்ல யாராவது சங்கடப்படுவாங்கன்னா அவங்ககிட்ட நீங்க முன்னாடியே சொல்லிடுங்க. ஒருத்தருக்குத் தெரியாம அவங்க பக்கத்துல நான் இருக்க வேண்டாம்."

வயதைக்கூட ஐந்து வருடம் குறைத்து எழுதிக்கொடுக்கிறவர்களைத்தான் எனக்குப் பழக்கம். இப்படி நேராகச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடம்பைப் பற்றி மேற்கொண்டு ஏதோ சொல்லவந்தாள். அதெல்லாம் வேண்டாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயை அடைத்து, இருபத்து நான்காம் சாவியைக் கையில் திணித்தேன்.

சங்கடப்படக்கூடியவர் யார் யார் என்று அன்றைக்கு மனதுக்குள் ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். என் தங்கையைத் தாண்டி அந்த வரிசை போகவில்லை. அந்த வாரம் மட்டும் மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன். ஒருநாள் அவள் நன்றாகச் சாப்பிட்டிருந்தாள். ஒருநாள் மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தாள். ஒருநாள் தானாகவே துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேரமாச்சு வா அக்கா என்றாள். எப்படிச் சொல்வேன்? சொன்னால் வர மாட்டாள், அது நிச்சயம். ஓட்டுநரை வராதே என்று சொல்லவும் எனக்கு முகமில்லை, அவள் என்ன குற்றம் செய்தாள்? அதனால் இரண்டு பேருக்கும் தெரியாமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய மூளைக்காரி என்று நினைப்பு.

சின்னவள் முதல் அறையில் மாற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற வரைக்கும் ஓட்டுநருக்குச் சாவி தர மாட்டேன். பூட்டு சிக்கியிருக்கிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன் என்பேன். தரை ஈரம், காயட்டும் என்பேன். காய்ந்த தரையின் மேலேயே தண்ணீரை ஊற்றி மறுபடி துடைத்த நாளும் உண்டு. முடிந்து போகும்போது அதேபோல, சின்னவள் உடுத்திக்கொண்டு வெளியே வரும்வரை ஓட்டுநர் குளத்தங்கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. யாருக்காக இந்தக் காத்திருப்பு என்று ஊகித்துவிட்டாளோ என்னவோ, மூன்றாவது வாரம் என்னிடம், தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டேன்.

ஆனால் தண்ணீருக்குள் என் சாவி செல்லாது. சின்னவளுக்கு நடக்க வந்ததே தவிர மிதக்க வரவில்லை. பின்னால் சாய்ந்தால் உடம்பு கட்டையாகிவிடும். ஓட்டுநர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் பக்கத்தில் போய், முதுகுக்குக் கீழே கை வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். சின்னவள் யோசித்துவிட்டுச் சரி என்றாளாம். மேலே பார், விளக்கு எத்தனை என்று எண்ணு, கை அங்கேயே இருக்கும் என்றாளாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது, கூரையில் பதினாலு விளக்கு, அதில் இரண்டு எரியவில்லை, மேலாளரிடம் சொல் என்று என்னை அதட்டினாள் என் தங்கை.

ஒன்றரை மாதம் கழித்து ஓட்டுநர் கையை எடுத்துவிட்டதே தெரியாமல் அவள் மிதந்தாள். தெரிந்ததும் தண்ணீரைக் குடித்து, இருமி, ஓட்டுநரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நான் துடைப்பம் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதற்குப் பிறகு சொல்வதாவது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மழை பெய்த ஒருநாள் பதினேழாம் எண்ணில் ஏறினாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால், முன் இருக்கை. அதிலிருந்து அவளுக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்தது. கண் டாக்டர், நூலகம், துணிக்கடை, எல்லாம் பதினேழு போகிற வழியில் இருக்கிற இடங்கள்தான். ஓட்டுநருக்கு எந்த நேரத்தில் எந்த வண்டி என்று எழுதி அடுப்படியில் ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும்.

இப்படியே போயிருக்கும். ரிலே போட்டி வந்து கெடுத்தது.

நாலு குளங்களுக்கு நடுவே வருடா வருடம் நடக்கிற பெண்கள் போட்டி அது. நாலு பேர் மாற்றி மாற்றி நீந்த வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்திக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற அம்மா ஓட்டுநரைக் கேட்டார். அவள் இரண்டு தரம் முடியாது என்றாள். மூன்றாவது தரம் மறுத்தபோது சின்னவள் கூட இருந்தாள். நீ நீந்து, நான் பார்க்க வருகிறேன் என்றாள். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற என் தங்கை வருகிறேன் என்றதும் ஓட்டுநரால் மறுக்க முடியவில்லை. படிவத்தில் எதையும் மறைக்காமல் உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். வாங்கி வைத்தவர்கள் படிக்காமல் வைத்தார்கள்.

எங்கள் குளம் ஜெயித்தது. கடைசிச் சுற்றில் ஓட்டுநர் வேறு குளத்து நர்ஸ் ஒருத்தியை ஒரு கை நீளத்தில் முந்தினாள். மறுவாரம் யாரோ படிவத்தைப் படித்தார்கள். அவ்வளவுதான், தொடங்கியது.

அறிவிப்புப் பலகையில் கடிதத்துக்கு மேல் கடிதம். இரண்டு பெண்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். ஒருத்தி கையில் நீலக் கோப்பு, பெண்களுக்கான இடம் பெண்களுக்கே என்று. இன்னொருத்தி கையில் மஞ்சள் கோப்பு, யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று. இரண்டு பேரும் என் மேசைக்கு எதிரிலேயே கடை விரித்தார்கள். இரண்டு பேரும் என்னிடம்தான் பேனா வாங்கினார்கள், இரண்டு பேரும் திருப்பித் தரவில்லை. நீலக் கோப்பு பேசும்போது சரிதானே என்று தோன்றும். மஞ்சள் கோப்பு பேசும்போதும் சரிதானே என்று தோன்றும். சாயங்காலம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

அந்த நர்ஸும் ஒருநாள் வந்தாள், போட்டியன்று விட்டுப்போன நீச்சல் கண்ணாடியைத் தேடி. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவப்பு. பெட்டியைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். அவளும் அபிப்பிராயம் கேட்பாள் என்று முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நாலு வருஷமா டியூட்டி முடிச்சுட்டு வீட்டுக்குப் போகாம குளத்துக்குப் போனேன். அதையும் யாராவது நினைச்சுப் பார்த்தாத் தேவல" என்றாள். உட்காரச் சொல்லி, பிளாஸ்க்கில் இருந்த டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

மேலாளர் சுவரிடம் வந்து விசாரித்தார். இது எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றார். அட்டை கொடுத்தது நீங்கள்தானே சார் என்றேன். அதற்கப்புறம் சுவரிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

இந்தக் கூத்தெல்லாம் சின்னவள் காதுக்குப் போகாமல் மூன்று வாரம் பார்த்துக்கொண்டேன். முதல் வாரம் அவளுக்குச் சளி, அது நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரம் குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்றேன். அதற்கடுத்த வாரம் குழாய் உடைந்துவிட்டது என்றேன். ஆனால் கோப்புக்காரிகளுக்குக் கால் இருக்கிறதே. சின்னவளின் வழக்கு விவரம் நீலக் கோப்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நூலக வாசலில் அவளைப் பிடித்து, உங்களை மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசினால்தான் எடுபடும், உங்கள் அக்காவே தெரிந்துதான் சாவி கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் மஞ்சள் கோப்பும் அங்கே போய், நீங்கள் அவருடைய சிநேகிதிதானே, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லார் வாயும் அடையும் என்றிருக்கிறாள். என் தங்கை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்கிற கொடியாகிவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் ஒட்டியிருந்த தாள் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

முதல் நாளிலிருந்து என்றேன்.

"அப்ப சாவி லேட்டா குடுத்ததெல்லாம் அதுக்குத்தானா? நான் உனக்கு அவளைக் கண்டா ஆகலன்னு நினைச்சுட்டிருந்தேன். எங்க அக்கா அப்படித்தான், மனசுல வெச்சுக்காதேன்னு உனக்காக அவகிட்ட மன்னிப்புக்கூடக் கேட்டேன்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உனக்காகத்தான் செய்தேன், சொன்னால் நீ மறுபடி வீட்டோடு முடங்கிவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். எல்லாம் உண்மைதான். வாயிலிருந்து வரும்போது நொண்டிச் சாக்காகத்தான் இருந்தது.

"அந்த ஆள் என்னைக் கேக்கல. கோர்ட்டுல கேட்டாங்க, சொன்னதை நம்பல. நீயாவது கேப்பேன்னு இருந்தேன், அக்கா."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்களுக்குள் அது புதிதில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த செவ்வாய் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. துண்டு மடித்தபடியே பையில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டுநர் வந்தாள். உள்ளே மொத்தம் நாலு பேர்தான். வழக்கப்படி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். சின்னவளே இல்லாதபோது யாருக்காக அவளைக் காக்கவைப்பது? சாவியை உடனே எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையில் தொங்கிய முதல் சாவியைப் பார்த்தாள்.

தங்கச்சி ஏன் வருவதில்லை, பேருந்திலும் காணோமே என்று கேட்டாள். இந்தச் சண்டையில் பயந்துவிட்டார்களா, போட்டிக்கு ஒத்துக்கொண்டது என் தப்புதான், அவர்களிடம் சொல்லுங்கள் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம், பயந்துவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், எனக்கு அலுத்துவிட்டது.

"அவளுக்கு இப்பத்தான்மா தெரிஞ்சுது. நான் சொல்லவே இல்ல. அன்னைக்கு நீ கேட்டப்ப சும்மா தலையை ஆட்டினேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். சாவியின் ரப்பர் வளையத்தை விரலில் மாட்டி மாட்டிக் கழற்றினாள். உள்ளே யாரோ ஷவரைத் திறந்து, மூடி, செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"முதல் தடவை மிதந்தப்ப என் கையைப் பிடிச்சாங்கல்ல. தெரிஞ்சும் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன் அக்கா. ரெண்டு வருஷமா அதை நினைச்சுக்கிட்டுத்தான் நான் வண்டி ஓட்டினேன்."

மன்னித்துக்கொள் என்றேன். சரிக்கா என்றாள். அவள் சட்டைப் பையிலிருந்து அனுமதி அட்டையை எடுத்து, சாவியோடு சேர்த்து என் மேசைமேல் வைத்துவிட்டு, நனையாத துண்டோடு வெளியே போனாள். மூன்று நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போட்டி முடிவு நிறுத்திவைப்பு, மேலிடம் ஒரு விதி எழுதும்வரை ஓட்டுநர் மற்ற நேரங்களில் வரலாம், பெண்கள் நேரம் பரிசீலனையில் இருக்கிறது. வெற்றிக் கோப்பை நர்ஸுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை, அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நீலக் கோப்பு ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது. மஞ்சள் கோப்பும் அதையேதான் சொல்லிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டில் சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லி ஓட்டுநர் என்னிடம் கேட்டது, நான் தலையாட்டியது, கையைப் பிடித்ததைப் பற்றி அவள் சொன்னது, அட்டையை வைத்துவிட்டுப் போனது, ஒன்று விடாமல். இந்தத் தடவை எதையும் எனக்கு வசதியாக மாற்றவில்லை. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"தெரிஞ்சிருந்தா பிடிச்சிருப்பேனா?"

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்னைக் கேக்கல. எனக்கே தெரியல, அக்கா. முதல்ல ஓடியிருப்பேன், அது நிச்சயம். அப்புறம் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ. வந்து பிடிச்சிருந்தா அது அவளுக்கு எவ்வளவு பெருசு. எனக்கும்தான். இனிமே அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. நீ அதைத்தான் எடுத்துட்டே."

நாலு வருட வழக்கில்கூட எனக்கு அப்படி வலித்ததில்லை. அப்போது எதிரில் நின்றவன் வேறு ஒருத்தன்.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. பதினோராவது நாள் செவ்வாய்க்கிழமை. நான் எப்போதும்போல் வந்து வரிசைப்படி சாவி கொடுத்தேன். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முதல் சாவி, அடுத்து வருகிறவருக்கு இரண்டாவது. ஏன் இப்படி என்று ஒருத்தி கேட்டாள், இனிமேல் இப்படித்தான் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல், கண்ணாடியைத் துடைக்க பெஞ்சின் மேல் ஏறினேன். மேல் ஜன்னல் வழியாக எதிர்ப் பக்கம் பேருந்து நிறுத்தம் தெரியும். சின்னவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையும் இல்லை, துண்டும் இல்லை. பழைய பச்சைச் சட்டை, கையில் குடை. இறங்கி ஓடிப் போகலாமா என்று ஒரு கணம் கால் துறுதுறுத்தது. ஓடிப் போய் என்ன செய்வேன், மறுபடி ஏதாவது ஏற்பாடு செய்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சிலேயே நின்றேன்.

ஒரு பதினேழு வந்தது. அவள் ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள், வேறு யாரோ ஓட்டினார்கள். இருபது நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. இந்தத் தடவை கையை நீட்டினாள். வண்டி நின்றது, முன் கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. கீழே நின்றபடியே ஏதோ சொன்னாள். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். உள்ளே ஒரு ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான், பின்னால் நின்ற வண்டி ஒலி எழுப்பியது. இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. ஓட்டுநர் ஒரே ஒரு தரம் தலையாட்டினாள். பிறகு சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள்.

முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி நடந்தாள். இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்த அந்த வண்டியின் கடைசிவரை போய், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் உட்காருகிறவரை வண்டி நகரவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டாள், கதவு மூடிக்கொண்டது, வண்டி போயிற்று.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபிறகும் நான் கேட்கவில்லை. அடுப்படிச் சுவரில் தாள் மறுபடி ஒட்டியிருந்தது, அதில் ஓட்டுநர் ஓட்டுகிற வண்டிகளில் பாதியை அவள் கோடு போட்டு அடித்துவிட்டு, மீதியை வைத்திருந்தாள்.